காய் நகர்த்தும் குணத்தோடு வாழ்வது எப்படி: அந்தக் குணம் உள்ளவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதம், அம்மாவை இரண்டு மாதம் தம்பி வீட்டுக்கு அனுப்ப நினைத்தேன். அம்மாவுக்கு மூட்டு வலி, ராத்திரியில் மூன்று நான்கு முறை எழுப்புவார். எனக்கு அலுவலகத்தில் வருடக் கணக்கு முடிக்கிற நேரம். "அம்மா, எனக்கு முடியல, ரெண்டு மாசம் தம்பிகிட்ட இருந்துட்டு வா" என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை.

அம்மாவிடம், "தம்பி பையன் ராத்திரியெல்லாம் பாட்டி பாட்டின்னு கேக்கறானாம்" என்றேன். தம்பிக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு இங்க மனசே ஒட்டலடா, உன் பேரையேதான் சொல்லிட்டிருக்கு" என்றேன். இரண்டும் பொய். மூன்றாம் நாள் தம்பி சேலத்திலிருந்து தானாகவே காரை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வந்தான். அம்மா தானாகவே பையைக் கட்டி வைத்திருந்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை கையசைத்துவிட்டு உள்ளே வந்து, காரியம் கச்சிதமாக முடிந்த திருப்தியோடு தூங்கினேன்.

பத்து நாள் கழித்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவும் தம்பியும் பேசியதில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பையன் பாட்டியைக் கேட்கவே இல்லை. அம்மா தம்பி பேரைச் சொல்லவே இல்லை. அன்று இரவு தம்பி போன் செய்தான். சத்தம் போடவில்லை. "அக்கா, ஒரு வார்த்தை நேரா கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றான்.

சொல்லியிருக்க மாட்டான். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் நேராகக் கேட்கலாம் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

இந்த வழிகாட்டி என்னைப் போன்றவர்களுக்கு. நாலு பேர் இருக்கிற அறைக்குள் நுழைந்ததும் யாருக்கு என்ன வேண்டும், யாரை எங்கே தொட்டால் எது நகரும் என்று தானாகவே கணக்குப் போடுகிற மனது உள்ளவர்களுக்கு. இப்படிப்பட்ட ஒருவரிடம் மாட்டிக்கொண்டு தவிப்பவருக்கு வேறு வகையான உதவி வேண்டும், அது இங்கே இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியும் மிரட்டலும் இருக்கிற வீட்டில் வாழ்கிறவருக்கு, மறைத்துப் பேசுவதும் திட்டம் போட்டு நடப்பதும் உயிரைக் காப்பாற்றுகிற வேலை. அதை விடச்சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்த நிலையில் இருக்கும் பெண்கள் 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். கீழே உள்ள படிகளெல்லாம் பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை.

படி 1: பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், மதிப்பெண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள்

உளவியலில் இதை மாக்கியவெல்லித்தனம் என்பார்கள். சுமார் ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஆட்சித் தந்திரங்களைப் பற்றி எழுதிய, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து அதிகாரி மாக்கியவெல்லியின் பெயரால் வந்தது. அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் கிறிஸ்டியும் ஃபுளோரன்ஸ் கெய்ஸும் அவர் எழுத்துகளிலிருந்து வாசகங்களை எடுத்து, 20 வாசகங்கள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அவர்களுடைய ஆய்வுகள் 1970-ல் நூலாக வந்தன. 2002-ல் டெல்ராய் பால்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் என்ற இருவர் இந்தக் குணத்தையும், தற்பெருமை மிகுந்த குணத்தையும், ஈவிரக்கமில்லாத குணத்தையும் சேர்த்து 'இருண்ட மூன்று' என்று பெயர் வைத்தார்கள். இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சோதனைகள் பலவும் இந்த வழியில் வந்தவைதான்.

மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். தற்பெருமைக்காரருக்குக் கைதட்டல் வேண்டும். ஈவிரக்கமில்லாதவர் அந்த நேரத்து வேகத்தில் இறங்கிவிடுவார். நம் ஆள் காத்திருப்பார். பாராட்டே இல்லாமல் காரியம் நடந்தால் போதும், யார் செய்தது என்று தெரியாமல் நடந்தால் இன்னும் நல்லது.

இது நோய் இல்லை, மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இப்படி ஒன்று கிடையாது. எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிற ஒரு குணம், சிலரிடம் அளவு கூடுதல். அதனால் மதிப்பெண் எவ்வளவு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பயன்பட்டது ஒரே ஒரு கேள்வி: நான் செய்தது நாளைக்கு அவருக்கு முழுதாகத் தெரிந்தால், அவர் முகம் மாறுமா? மாறும் என்றால் அது காய் நகர்த்தல். மாறாது என்றால் அது வெறும் சாமர்த்தியம் அல்லது மரியாதை.

மரியாதை என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நாம் தமிழில் எதையும் எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. சாப்பிட்டாச்சா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்து, "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று ஆரம்பித்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வருகிறோம். எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும். அதில் ஏமாற்று கிடையாது, அதை விடவும் வேண்டாம். எனக்கு என்ன வேண்டும் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

கிறிஸ்டியும் கெய்ஸும் செய்த ஒரு பரிசோதனை எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். மூன்று பேர், மேசையில் பத்து நோட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு டாலர். எந்த இருவர் தங்களுக்குள் பங்கு பேசி ஒத்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கே பணம், மூன்றாமவருக்குப் பைசா கிடையாது. வினாத்தாளில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் சராசரியாகப் பாதிப் பணத்துக்கு மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் அந்த விளையாட்டு சிறிது நேரத்தில் முடிந்துவிட்டது. வீட்டில் அதே மூன்று பேரோடு நாற்பது வருடம் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது.

படி 2: இரண்டு வாரம் நோட்டுப் போடுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல் இருங்கள். ராத்திரி படுக்கும் முன் ஒரு நோட்டில் அன்றைய நகர்த்தல்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விஷயம்: எனக்கு என்ன வேண்டியிருந்தது, யாரிடம், என்ன சொன்னேன், ஏன் நேராகக் கேட்கவில்லை, அப்போது எனக்குள் என்ன உணர்வு இருந்தது.

என் நோட்டிலிருந்து ஒரு பதிவு. வேண்டியது: சனிக்கிழமை விடுப்பு. யாரிடம்: மேலாளர். சொன்னது: "சார், நீங்க ரொம்பக் களைப்பா தெரியறீங்க, இந்த வாரம் எல்லாருக்குமே சனிக்கிழமை லீவு விட்டா திங்கட்கிழமை வேலை நல்லா ஓடும்." ஏன் நேராகக் கேட்கவில்லை: தெரியவில்லை. உணர்வு: காலி.

ஒரு வாரம் முழுக்க அந்த ஐந்தாவது கட்டம் காலியாகவே இருந்தது. பயமா, கூச்சமா, கோபமா, எதுவும் எழுத வரவில்லை. இந்தக் குணம் அதிகம் உள்ளவர்களுக்குத் தங்கள் உணர்வையே இனம் காண்பது சிரமமாக இருக்கிறது என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அடுத்தவர் முகத்தைப் படித்தே பழகிய எனக்கு என் முகம் படிக்கத் தெரியாது என்பது அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. உங்களுக்கும் காலியாக இருந்தால் கட்டாயப்படுத்தி நிரப்பாதீர்கள். வயிற்றில் என்ன, தொண்டையில் என்ன, கை சில்லிட்டதா என்று உடம்பில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எனக்கு எட்டாம் நாள் வந்த முதல் வார்த்தை 'தொண்டை அடைப்பு'. பயம் என்று எழுத இன்னும் நாலு நாள் ஆனது.

இரண்டு வாரம் முடிந்து புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அத்தனை மெனக்கெட்டு நாம் சாதித்தவற்றில் பெரும்பாலானவை சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு விடுப்பு, காரில் முன் சீட், மாமியார் வருகையை ஒரு வாரம் தள்ளிப்போடுவது. இதற்கா இவ்வளவு?

படி 3: எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று பாருங்கள்

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அம்மா. அப்பாவிடம் எதையும் நேராகக் கேட்க முடியாது. கேட்டால் கிடைக்காது என்பதோடு நிற்காமல், கேட்டதே குற்றமாகிவிடும். அதனால் அம்மா எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தார். அப்பா சாப்பிட்டு வெற்றிலை போடும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கல்லூரிச் சுற்றுலாவுக்கு நான் ஆசைப்பட்டதாகச் சொல்லக் கூடாது, பெரியப்பா பெண் போகிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். மறுநாள் அப்பாவே, "ஏன், நம்ம பொண்ணு போகக் கூடாதா?" என்பார். அடுப்படியில் அம்மா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார்.

கையில் அதிகாரம் இல்லாதவளுக்கு இருந்த ஒரே ஆயுதம் அது. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் அது இல்லாமல் நான் படித்திருக்க முடியாது. ஆனால் அப்பா போய்ப் பல வருடம் ஆன பிறகும், அதிகாரம் என் கையிலேயே இருக்கும் போதும், எதிரில் இருக்கும் ஒவ்வொருவரையும் நான் அப்பாவாகவே நடத்திக்கொண்டிருந்தேன். தம்பியைக்கூட.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2008-ல் வந்தது. அந்த மூன்று குணங்களில் மாக்கியவெல்லித்தனத்தில் மட்டும், பிள்ளைகள் சேர்ந்து வளர்ந்த வீட்டுச் சூழலுக்குக் கணிசமான பங்கு தெரிந்தது. இதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் பழகியது என்றால் வேறொன்றைப் பழகவும் முடியும்.

உங்கள் நோட்டில் இப்படி ஒரு பக்கம் எழுதுங்கள்: நேராகக் கேட்டு நான் அடி வாங்கிய, அவமானப்பட்ட முதல் சந்தர்ப்பம் எது? நீளமாக வேண்டாம். யார், எங்கே, நான் என்ன கேட்டேன், அவ்வளவு போதும்.

படி 4: நேராகக் கேட்டுப் பழகுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நாள் ஆகும். கேட்பதைக் கற்றுத்தர வேண்டிய ஒரு திறமையாகவே பார்க்கிற சிகிச்சை முறைகள் இருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய சிகிச்சையில் இதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு. நான் அதைச் சுருக்கி மூன்று வாக்கியமாக வைத்துக்கொண்டேன்.

முதல் வாக்கியம், எனக்கு என்ன வேண்டும். இரண்டாவது, எதற்கு. மூன்றாவது, முடியாது என்றால் பரவாயில்லை. உதாரணமாக: "சார், எனக்கு வர்ற சனிக்கிழமை லீவு வேணும். அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அன்னைக்கு முடியாதுன்னா சொல்லுங்க, வேற நாள் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அந்த வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். முதல்முறை நான் மேலாளர் மேசைக்கு எதிரில் நின்று இதைச் சொன்னபோது, அவர் காலண்டரைப் பார்க்க எடுத்துக்கொண்ட பத்து விநாடிக்குள் என் மனது நாலு காய் நகர்த்திவிட்டது. அவர் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரிக்கலாம். போன மாதம் நான் ஞாயிற்றுக்கிழமை வந்ததை ஞாபகப்படுத்தலாம். "பரவாயில்ல சார், நான் சமாளிச்சுக்கறேன்" என்று சோகமாகத் திரும்பலாம், அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். அவர் மேசையிலிருந்த ஸ்டேப்ளரையே பார்த்துக்கொண்டு, பேசாமல் நின்றேன். "சரிம்மா, எடுத்துக்கோங்க" என்றார். வெளியே வந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மாவை அனுப்பிவைத்த அன்று எனக்குத் துளியும் நடுங்கவில்லை.

சின்னதில் தொடங்குங்கள். கடைக்காரரிடம் சில்லறை, பக்கத்து வீட்டில் ஏணி, கணவரிடம் ஒரு டம்ளர் காபி. ஒரு நாளைக்கு ஒன்று. முதல் மாதம் பணம், சொத்து, கல்யாணப் பேச்சு எதிலும் இறங்காதீர்கள். நேதன் ஹட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 16 வாரம் நடத்திய ஆய்வில், வாரம் சில சின்னச் செயல்கள், அடுத்தவரிடம் இணக்கமாக நடக்கிற மாதிரியானவை, செய்தவர்களுக்கு அந்த 'இருண்ட மூன்று' குணங்களுமே குறைந்தன. அவற்றைக் கூட்டிக்கொள்ள விரும்பியவர்களுக்கும் குறைந்ததாம். மனது முதலில் திருந்த வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, கையும் வாயும் முதலில் பழகட்டும்.

படி 5: 'இல்லை' என்ற பதிலோடு ஒரு நாள் இருங்கள்

நேராகக் கேட்டால் சில சமயம் கிடைக்காது. மறைக்க ஒன்றுமில்லை, முன்பைவிட அதிகமாகவே கிடைக்காமல் போகும்.

என் விதி: ஒருவர் மாட்டேன் என்றால் 24 மணி நேரம் அந்த விஷயத்தில் எந்த அசைவும் இல்லை. அவரிடம் சுற்றி வளைத்துத் திரும்பக் கேட்பதில்லை. மூன்றாவது ஆளிடம் புலம்புவதில்லை. ஏனென்றால் நம்மைப் போன்றவர்களின் புலம்பல் பாதி நேரம் புலம்பலே இல்லை, போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேரட்டும் என்று அனுப்புகிற தபால். ஒரு நாள் கழிந்ததும் அது உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். வேண்டும் என்றால் அதே ஆளிடம், நேராக, இன்னொரு முறை மட்டும்.

இந்த இடத்தில் மாக்கியவெல்லியையே நினைத்துக்கொள்வேன். 1512-ல் ஆட்சி மாறிப் பதவி போயிற்று. அடுத்த வருடம் சதி செய்ததாகச் சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள், கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்கிச் சித்திரவதை செய்தார்கள். வெளியே வந்து கிராமத்தில் முடங்கிக் கிடந்தார். 1513 டிசம்பர் 10-ந் தேதி நண்பர் வெட்டோரிக்கு ஒரு கடிதம் எழுதினார். மீண்டும் ஆட்சிக்கு வந்த மெதிச்சி குடும்பத்தார் என்னை வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், முதலில் ஒரு கல்லை உருட்டச் சொன்னாலும் சரி என்று அதில் இருக்கிறது. எந்தப் பூச்சும் இல்லாத வேண்டுகோள். அந்த வேலை அப்போது கிடைக்கவில்லை. அவர் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறோம் நாம். அவர் எழுதியதிலேயே எனக்கு மிக நெருக்கமானது அந்தக் கல் வரிதான்.

படி 6: இருவருக்கு நடுவே நிற்காதீர்கள்

சிண்டு முடிதல், கோள், கொளுத்திப் போடுதல் என்று இதற்குத் தமிழில் எத்தனை வார்த்தைகள்! இந்தக் குணத்தின் மிக மோசமான பகுதி இது, இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. மற்றதைப் படிப்படியாக விடலாம். இதை இன்றே நிறுத்துங்கள்.

வழி எளிது. ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்னதை எடுத்துப் போகாதீர்கள், நல்லதாக இருந்தாலும். நாத்தனார் மருமகளைப் புகழ்ந்ததைக்கூட நாம் எந்த நேரத்தில், எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். யாராவது நம்மைத் தூதுக்கு அனுப்பினால், "அதை நீங்களே அவங்ககிட்ட கேட்டுடுங்க" போதும். முதல் சில மாதம் வீட்டில் நமக்கு இருந்த முக்கியத்துவம் குறைந்த மாதிரி இருக்கும். குறைந்திருக்கும்தான்.

போட்டு வாங்குவதும் இதோடு சேர்ந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசி விஷயத்தைக் கறக்கும் வித்தை. அதற்குப் பதில் "எனக்குத் தெரியாது, சொல்ல முடிஞ்சா சொல்லு" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லிவிடுகிறார்கள்.

படி 7: மன்னிப்புக் கேட்பதையும் காயாக்கிவிடாதீர்கள்

நான் தம்பியிடம் முதலில் கேட்ட மன்னிப்பு ஓர் அழகான நாடகம். அழுதேன், அப்பாவைப் பற்றிச் சொன்னேன், அடுப்படிக் கதை முழுக்கச் சொன்னேன். கடைசியில் அவன் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். போனை வைத்த பிறகுதான் புரிந்தது, மன்னிப்புக் கேட்ட அந்தப் பேச்சிலும் ஜெயித்தது நான்.

இரண்டாம் முறை சேலத்துக்கே போய்க் கேட்டேன். "உன்கிட்டயும் அம்மாகிட்டயும் பொய் சொல்லி உங்க ரெண்டு பேரையும் நகர்த்தினேன். அது தப்பு. இனி எனக்கு வேணுங்கறதை நேரா கேப்பேன்." காரணம் சொல்லவில்லை. அழவில்லை. தம்பி "ம்" என்றான். தம்பி மனைவி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அறையில் ஃபேன் சத்தம் மட்டும். மன்னித்தானா என்று அன்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஒரு வார்த்தை போட்டுப் பார்க்கவும் இல்லை.

யாரிடம் எதைச் சொல்வது என்பதில் நிதானம் வேண்டும். பழைய நகர்த்தல் எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்டுவது நம் பாரத்தை அவர்கள் தலையில் இறக்கி வைப்பது. யாருக்கு நஷ்டமோ மனவருத்தமோ உண்டானதோ அவரிடம் மட்டும், அந்த ஒரு விஷயத்தை மட்டும். பணமோ சொத்தோ கை மாறியிருந்தால் பேச்சு போதாது, திருப்பித் தர வேண்டும்.

அப்புறம், சந்தேகத்துக்குத் தயாராக இருங்கள். நீங்கள் சும்மா ஒரு டப்பா அதிரசம் கொடுத்தனுப்பினாலும், "இப்ப என்ன வேணுமாம்?" என்ற பேச்சு வரும். எனக்கு இரண்டு வருடம் வந்தது. மறுத்து வாதாடாதீர்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே ஒன்றும் கேட்காமல் இருங்கள்.

படி 8: திறமையை வெளிச்சத்தில் வையுங்கள்

நாலு அடி முன்னால் யோசிக்கிற மூளையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆட்டம் நடக்கிறது என்று இரு பக்கத்துக்கும் தெரிந்த இடங்களில் அது நேர்மையான உழைப்பு. கல்யாண மண்டப வாடகை பேசுவது, சப்ளையரிடம் விலை குறைப்பது, எந்த மாமா பக்கத்தில் எந்தச் சித்தப்பாவை உட்கார வைக்கக் கூடாது என்று பந்தி போடுவது. எங்கள் குடும்பத்தில் இப்போது இதற்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், தெரிந்தேதான் கூப்பிடுகிறார்கள்.

படி 9: தனியாக முடியவில்லை என்றால்

உளவியல் ஆலோசகரிடம் போகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். போனால் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "நான் உங்களையும் சமாளிக்கப் பார்ப்பேன்." நான் இதைச் சொல்லாமல் மூன்று சந்திப்புகளை வீணாக்கினேன். அவருக்குப் பிடித்த மாதிரி முன்னேறிக் காட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது முறை சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, அப்ப இன்னைக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு. அம்மா கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அம்மா, எனக்கு ஒரு வாரம் தனியா இருக்கணும்போல இருக்கு. ரொம்ப அசதியா இருக்கு. தம்பி வீட்டுக்குப் போயிட்டு வர்றியா? வேண்டாம்னா சொல்லு" என்றேன். அப்புறம் பேசாமல் இருந்தேன். அம்மா தைல பாட்டிலை மூடினார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன? வெள்ளிக்கிழமை பஸ்ஸுல கூட்டம் பிதுங்குமே" என்றார். "அவனுக்குப் போன் போடு, நானே பேசறேன்."